மேடை வேண்டாம், பாய் விரியுங்கள்

ஆரம்பாக்கத்தை அடுத்த ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் 2ஆம் நாள் ஒரு விழா நடந்தது. 2007ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை எடுத்த முடிவின்படி, 2008 முதல் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படும் நாள் அது. ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். நல்லெண்ணம் கொண்டவர்கள் கைக்காசு போட்டு நடத்திய விழா. அவர்களை நான் குறைகூறவில்லை. விழா அமைந்த முறையைத்தான் குறைகூறுகிறேன். அழைப்பை ஏற்று மேடையில் அமர்ந்தவன் என்ற வகையில் அந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு.

பந்தல் போட்டு, மேடை கட்டி, நீலநிறப் பலூன்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். மேடையின் முன்வரிசையில் நான்கு குழந்தைகள். அவர்களுக்குப் பின்னால் தாய்மார். கீழே மணலில் சுற்றுவட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் இருநூறு பேர். பேச்சாளர்கள் அந்த நால்வரையும் ‘தெய்வக் குழந்தைகள்’ என்றார்கள். நமது இரக்கத்துக்கு உரியவர்கள் என்றார்கள். மூன்றாம் பேச்சின் நடுவே ஒலிபெருக்கி திடீரென வீறிட்டது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேடையிலிருந்து குதித்து ஏரியை நோக்கி ஓடினான். தாயும் பின்னால் ஓடினாள். மணலில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர், "பார்த்தீர்களா பிள்ளைகளே, இதுதான் ஆட்டிசம்" என்றார்.

மாலையில் கரைப்பக்கம் போனேன். கரையேற்றிய படகின் நிழலில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் பாட்டியோடு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளருகே அந்தச் சிறுவன் அமர்ந்து, வலைக்கண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டிருந்தான். "ஏம்மா, காலையில் இவன் ஏன் அப்படி ஓடினான்?" என்று கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமலே, "அவன் ஓடல சார், சத்தத்த வுட்டுட்டு வந்தான். முன்னாடியே சொல்லியிருந்தா காத மூடிக்கினு குந்தியிருப்பான்" என்றாள்.

படித்த பெரியவர்கள் நாங்கள் இரண்டு மணி நேரம் பேசினோம். பேச்சின் விளைவாக இருநூறு பிள்ளைகள் கற்றுக்கொண்டது, ஆட்டிசம் என்றால் சிரிக்கத்தக்க ஒன்று என்பதே. அந்தச் சிறுமிக்கோ யாரும் எதையும் பேசிக் கற்பிக்கவில்லை. நாள்தோறும் அவன் அருகே அமர்ந்து வலை பொத்தியதில் அவள் அறிந்துகொண்டாள். ஆட்டிசத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டுமானால், ஆண்டுக்கொருமுறை மேடை போடுவதை விட்டு, வாரந்தோறும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து செய்யும் வேலையையும் விளையாட்டையும் நம் பங்குகளும் ஊர்களும் நடத்த வேண்டும். இதுவே என் வாதம்.

பெயரில் தொடங்கும் பிழை

நம் பிழை பெயரிலேயே தொடங்குகிறது. மாநில அரசின் ஆவணங்களில் ஆட்டிசத்துக்கு வழங்கிவந்த தமிழ்ப்பெயர் ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’ என்பது. ஒலிபெருக்கியின் வீறிடலைத் தாங்க மாட்டாமல் ஓடிய சிறுவனுக்கா புற உலகச் சிந்தனை இல்லை? நமக்குப் பத்துப் பங்காகக் கேட்கும் ஒலி அவனுக்கு நூறு பங்காகக் கேட்டிருக்கலாம். ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றென, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடும் சேர்த்துக்கொண்டது. உலகம் அவனுள் புகாமலிருப்பது குறையன்று; அளவுக்கு மீறிப் புகுவதே அவன் துன்பம். ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விலக்கி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற சொல்லை 2010இல் ஏற்றது தமிழ்நாடு. இந்தப் பெயரையும் அவ்வாறே விலக்கலாம். ஆட்டிசம் என்ற ஒலிபெயர்ப்பு தூய தமிழன்று. ஆயினும் எவர்மீதும் பழி சுமத்தாத சொல்.

பழி சுமத்துவதில் படித்த உலகமும் பின்தங்கவில்லை. 1943இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு ஆட்டிசம் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் நூலெழுதி, அன்பற்ற தாய்மாரே இதற்குக் காரணம் என்ற கொள்கையை உலகெங்கும் பரப்பினார். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, தம் மகனும் ஆட்டிசமுள்ளவனாகப் பிறந்த பெர்னார்டு ரிம்லாண்டு என்ற அறிஞர் அக்கொள்கையை மறுத்து, மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது இது என்று எழுதியிருந்தார். அறிவியல் இன்று ரிம்லாண்டின் பக்கமே நிற்கிறது. ஆனால் நம் கரைகளில் பெட்டல்ஹைமின் வாரிசுகள் இன்னும் இருக்கிறார்கள். கர்ப்பக் காலத்தில் கிரகணம் பார்த்தாள் என்பார்கள்; முன்னோர் சாபம் என்பார்கள்; பேய் பிடித்திருக்கிறது என்று நோன்பிருந்து ஓட்ட வருவார்கள். கிறிஸ்தவ மக்களும் இதற்கு விலக்கல்லர். ஓட்டுவதற்கு அந்தக் குழந்தைக்குள் பேய் ஏதும் இல்லை. அது பிறந்த விதம் அப்படி. அதன் தாய்க்கு நம் மன்னிப்பும் வேண்டாம், இரக்கமும் வேண்டாம். நம் திண்ணையில் அவளுக்கும் ஓர் இடம் வேண்டும்.

சொற்பொழிவு கற்பிக்காது

ஒரு கூட்டத்தார்மீது இன்னொரு கூட்டத்தார் கொண்ட தப்பெண்ணம் எவ்வாறு குறையும் என்பதை ஆராய்ந்து, கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலறிஞர் 1954இல் ஒரு நூல் வெளியிட்டார். வெறுமனே ஒருவரையொருவர் பார்ப்பதால் தப்பெண்ணம் குறையாது என்றார். இரு சாராரும் சம நிலையில் இருக்க வேண்டும். பொதுவான இலக்கு வேண்டும். அதை அடைய ஒத்துழைக்க வேண்டும். ஊரின் அதிகாரமும் வழக்கமும் துணைநிற்க வேண்டும். இந்த நான்கு நிபந்தனைகளை அன்றைய மேடையோடு பொருத்திப் பாருங்கள். நால்வர் மேலே, இருநூறு பேர் கீழே: சமநிலை இல்லை. மேலிருப்போர் காட்சிப்பொருள், கீழிருப்போர் பார்வையாளர்: பொது இலக்கும் இல்லை, ஒத்துழைப்பும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் வந்திருந்தது ஒன்றுதான் நிறைவேறிய நிபந்தனை. படகின் நிழலிலோ, ஊர்ப் பெரியவரான பாட்டி உட்பட, நான்கும் இருந்தன.

பழவேற்காட்டு ஏரி மக்களுக்கு இது புதிய பாடமன்று. மீன்படும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ முறை இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. நல்ல இடம் எப்போதும் வலியவனுக்கே என்பதை அது தடுக்கிறது. அந்த முறைக்கும் வேலிகள் உண்டு. எல்லாச் சமூகத்தாரும் அதனுள் இல்லை என்பதும் உண்மை. ஆயினும் ‘இன்று உன் முறை, நாளை என் முறை’ என்பது இங்குள்ள பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. முறை என்பது முன்கூட்டியே தெரிந்த ஒழுங்கு. ஆட்டிசமுள்ள பல குழந்தைகள் ஏங்குவதும் அதற்குத்தான்.

இன்னொன்றும் சொல்வேன். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. 1971இலிருந்து அங்கிருந்து ஏவூர்திகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஏவும் நாளையும் நேரத்தையும் முன்னரே அறிவிக்கிறார்கள். தொழிலுக்குப் போக வேண்டாமென மீனவருக்குச் சொல்கிறார்கள். எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் குறைந்து வந்த பிறகே அந்தப் பேரோசை எழுகிறது. நம் திருவிழாவில் கொடியேற்றத்தின்போதும் தேர்ப்பவனியிலும் வெடிக்கும் வேட்டுக்கு மட்டும் ஏன் எண்ணிக்கை இல்லை? ‘ஐந்து நிமிடத்தில் வேட்டுப் போடுவார்கள், காதை மூடிக்கொள், அல்லது வா, அப்பால் போவோம்’ என்று ஒரு குழந்தைக்குச் சொல்ல எந்த நிபுணர் வேண்டும்?

புரியாதவர் யார்?

ஆட்டிசமுள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். தாமும் ஆட்டிசமுள்ளவரான டேமியன் மில்ட்டன் என்ற பிரித்தானிய அறிஞர் 2012இல் இதற்கு ஒரு கேள்வி எழுப்பினார்: அவர்களை நமக்குப் புரிகிறதா? புரியாமை இருபக்கத்தது என்பது அவர் வாதம். 2020இல் எடின்பரோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைச் சோதித்தனர். ஒரு கதையை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிச் சங்கிலிபோல் கடத்தும் சோதனை. ஆட்டிசமுள்ளவர்கள் தமக்குள் கடத்தியபோது, மற்றவர்கள் தமக்குள் கடத்தியதைப் போலவே கதை பழுதின்றிச் சென்றது. இரு சாராரும் கலந்திருந்த சங்கிலியிலேதான் கதை மிகுதியாகச் சிதைந்தது. அப்படியானால் பிழை ஒருவர் தலைக்குள் இல்லை. இருவருக்கும் இடையில் இருக்கிறது. இடையில் உள்ளதைச் சரிசெய்ய இருவரும் அருகருகே அமர வேண்டும்.

ஆரம்பாக்கத்தார் இதை எளிதில் உணர்வர். எல்லை ஊர் இது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. தெலுங்குப் பிள்ளை தமிழில் தடுமாறினால் நாம் அவனை நோயாளி என்பதில்லை. இரண்டு மாதம் கூட விளையாடினால் அவனும் கற்பான், நாமும் கற்போம் என்றிருக்கிறோம்.

மறுப்புகள்

"வயிற்றுப்பாடே பெரும்பாடாக உள்ள குப்பத்தில் இதெல்லாம் நகரத்தார் பேச்சு" என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்குத் தரும் கணக்கின்படி, ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் ஆட்டிசமுள்ளவர். ஆயிரம் பேர் வாழும் குப்பத்தில் ஏழெட்டுப் பேர். நகரத்துக்கும் கடற்கரைக்கும் வேறுபாடு இதுதான்: நகரத்தில் அவர்களுக்குப் பெயர் உண்டு, பயிற்சி உண்டு, இங்கே ‘லூசு’ என்ற ஏச்சும் பூட்டிய அறையும். ஆரம்பாக்கத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நடுவண் அரசு 2005இல் தொடங்கிய, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. மாநகரம் முழுவதையும் கடந்தாக வேண்டும். இறால் உரித்துக் கூலி வாங்கும் தாய் வாரம் இருமுறை அங்கே போய்வர முடியுமா? அவளுக்கு நகரம் எட்டாதபோது ஊர்தான் எட்ட வேண்டும். ஊரில் எதுவும் நடக்காது என்பாருக்கு ஆய்க்குடியைக் காட்டுவேன். 1981இல் எஸ். இராமகிருஷ்ணன் அங்கே தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமம் கிராமமாகச் சென்று குறைபாடுள்ள பிள்ளைகளின் வீட்டு வாசலிலேயே பணியாற்றுகிறது.

"தனிப்பள்ளிதானே அவர்களுக்கு நல்லது?" என்பார் சிலர். தேர்ந்த பயிற்சி வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி முடிந்து பிள்ளை திரும்புவது நம் தெருவுக்குத்தான். கானர் எழுதிய கட்டுரையின் முதற்குழந்தை டொனால்டு டிரிப்லெட். 1937இல், மூன்று வயதில், மருத்துவர் சொற்படி அவரை ஒரு காப்பகத்தில் விட்டனர் பெற்றோர். ஏறத்தாழ ஓராண்டில் மனம் பொறாமல் திரும்ப அழைத்து வந்தனர். பின்னர் அவர் தம் சிற்றூராகிய ஃபாரஸ்டில் வளர்ந்து, பட்டம் பெற்று, வங்கியில் பல்லாண்டு பணியாற்றி, 2023இல் தம் 89ஆம் வயதில் மறைந்தார். அவரைத் தேடி இதழாளர்கள் அவ்வூருக்குப் போனபோது, அவர் மனம் நோகும்படி எதுவும் எழுதிவிடாதீர்கள் என்று ஊரார் சிலர் எச்சரித்தார்களாம். அந்த எச்சரிக்கைதான் ஓர் ஊர் தரக்கூடிய மருந்து. அவர் வங்கி உரிமையாளர் வீட்டுப் பிள்ளை, செல்வம் காத்தது என்று மறுக்கலாம். உண்மையே. செல்வம் இல்லாத நம் குப்பத்தில் அந்தக் காவலை அக்கம்பக்கம் தர வேண்டும் என்பதற்கு அதுவே காரணமுமாகும்.

"மற்றப் பிள்ளைகளின் படிப்பும் வழிபாடும் கெடும்" என்ற மறுப்பு நம் ஆலயங்களுக்குள்ளேயே கேட்கிறது. சட்டம் என்ன சொல்கிறது? 1995இல் வந்த முதற் சட்டத்தின் குறைபாட்டுப் பட்டியலில் ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதன் பெயரைச் சேர்த்தது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமோ 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக அதை ஏற்று, பிற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கவும் விளையாடவும் உரிமை தந்தது. நாட்டுச் சட்டம் இப்படியிருக்க, திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 777ஆம் சட்டம், உடலிலும் உள்ளத்திலும் குறைபாடுடையோருக்கு அவர்கள் நிலைக்கேற்ப மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என 1983இலேயே கூறிவிட்டது. அவர்களுக்கு அருளடையாளங்களை மறுக்க எவருக்கும் உரிமையில்லை என 2020இன் மறைக்கல்வி வழிகாட்டி தெளிவாக்கியது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2014 நவம்பர் 22 அன்று ஆட்டிசமுள்ளோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் வத்திக்கானில் சந்தித்து, அவர்களைச் சூழ்ந்துள்ள தனிமையையும் இழிபெயரையும் உடைக்குமாறு கேட்டார். ஆக, வாசலில் நின்று தடுப்பது சட்டமன்று, நாம்தான். எரிகோ சாலையில் கூவிய பார்வையற்றவனை வாயை மூடச் சொன்னது யார்? ஆண்டவரைச் சூழ்ந்து நடந்த கூட்டமே. நம் முன்வரிசைப் பெரியவர்கள் திரும்பி முறைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கூட்டம் நம் ஆலயத்தில் நிற்கிறது.

செய்ய வேண்டியது

பெருஞ்செலவு ஏதும் வேண்டாம். ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின் ஒரு மணி நேரம். ஒரே இடம், ஒரே நேரம். எட்டுப் பத்துப் பிள்ளைகள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டுமல்லர். இந்து, இசுலாமியப் பிள்ளைகளும் இருளர் குடியிருப்புப் பிள்ளைகளும் வரட்டும். அன்று என்னென்ன நடக்கும் என்பதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். சிப்பி அடுக்குதல், கோலம், பந்து உருட்டுதல், ஊஞ்சல் என முறைவைத்து ஆடும் ஆட்டங்களைத் தேருங்கள். ஒலிபெருக்கி வேண்டாம். களைத்த குழந்தை ஒதுங்கி அமர ஒரு மூலையில் பாய் விரியுங்கள். எந்தப் பிள்ளையும் அங்கே போகலாம் என்று விதி செய்யுங்கள். அப்போது அது தண்டனை இடமாகாது.

பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். பெற்றோரின் இசைவு பெற்று, எளிய சொல்லில், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: ‘இவனுக்குச் சத்தம் நம்மைவிட அதிகமாகக் கேட்கும். பேச்சு வர நேரமாகும், காத்திரு. கையை அசைப்பது மகிழ்ச்சியாலும் இருக்கலாம், பயத்தாலும் இருக்கலாம், பழகினால் தெரியும். இது தொற்றாது. யாருடைய குற்றமும் இல்லை.’ மேடைப் பேச்சாளர்கள் வழக்கமாகச் சேர்க்கும் ஒன்றை மட்டும் சேர்க்காதீர்கள்: ‘இவர்களுக்குள் அரிய திறமை ஒளிந்திருக்கிறது’ என்பது. சிலருக்கு இருக்கும், பலருக்கு நம்மைப் போலவே இராது. திறமையைக் காட்டினால்தான் இடம் என்றால், அது அன்பன்று, வாணிகம்.

பங்குப் பேரவைக்கும் அன்பியங்களுக்கும் வேலை உண்டு. எந்த வீட்டில் பிள்ளையை உள்ளே பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பது அன்பியத்துக்குத் தெரியும். குற்றம் சுமத்தாமல் அந்த வீட்டுக்குப் போங்கள். தாய்க்கு வாரம் ஒரு மணி நேர ஓய்வு தாருங்கள். ஒன்றிய வளமையத்துச் சிறப்பாசிரியரை அழைத்து இளையோர் நால்வருக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரோடு பேசி, திருவிழா நாளில் ஒரு மணி நேரமேனும் வேட்டும் ஒலிபெருக்கியும் இல்லாத வழிபாடு வையுங்கள். முதியோரும் நோயாளரும் உங்களை வாழ்த்துவார்கள்.

குழந்தைகளுக்கான திடல்களிலும் இவ்வழியே நடந்திருக்கிறது. பெங்களூரில் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் தொடங்கிய ‘கிளிகிளி’ என்ற அமைப்பு, எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து ஆடும் பூங்காக்களை மாநகராட்சியோடு இணைந்து உருவாக்கியது. நம் சாந்தோமிலும் சில ஆண்டுகளுக்கு முன் சென்னை மாநகராட்சி அத்தகைய விளையாட்டுத் திடல் ஒன்றை அமைத்தது. ஏரிக்கரை மணலுக்கு அவ்வளவு ஏற்பாடும் தேவையில்லை. மணல் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், அழைப்பவர் ஒருவர்தான் வேண்டும்.

அன்று ஓடிய சிறுவனுக்குப் புதுநன்மைக்கான வயது வந்துவிட்டது. ‘பிறகு பார்க்கலாம்’ என்று அவன் தாய்க்கு ஆண்டுதோறும் விடை சொல்கிறோம். நான் அந்த வகுப்பின் ஆசிரியனாக இருந்திருந்தால் நானும் அவ்வாறே சொல்லியிருப்பேனோ என்று எண்ணி வெட்கப்படுகிறேன். வலை பொத்திய அந்தச் சிறுமியை அவனருகே அமர்த்துங்கள். எது எப்போது நடக்கும் என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லும் பொறுப்பை அவளிடம் கொடுங்கள். அடுத்த ஏப்ரல் 2ஆம் நாள் உங்கள் பங்கில் மேடை போடக் காசு திரட்டினால், அந்தக் காசுக்குப் பத்துப் பாய் வாங்குங்கள்.